எடுத்து வைக்காத ரிசீவர்

1998 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. தூறல். விடிந்ததிலிருந்தே மேற்கு மலை கண்ணில் படவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனியின் ஆபீஸ் அறைக்குள், டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்த இன்ஜினியர் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். மேஜைமேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் முதுகில் ஐந்து துளைகள் இருந்தன. ஒன்றில் சுவரிலிருந்து வந்த புது லைனைச் செருகினார், ஒன்றில் கம்ப்யூட்டர் வயர், ஒன்றில் கரண்ட். மிச்சமிருந்த இரண்டில் எங்கள் பழைய டெலிபோனும் ஃபேக்ஸ் மிஷினும்.

"இனிமே எல்லாம் டிஜிட்டல் சார். மாப்பிள்ளை இன்டர்நெட் பாத்துட்டு இருக்கப்பவே நீங்க போன் பேசலாம். பழைய போனை மாத்த வேண்டாம், ஃபேக்ஸை மாத்த வேண்டாம். இந்தப் பெட்டி ரெண்டுக்கும் மொழிபெயர்ப்பு பண்ணிக்கிடும்" என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் அக்கா மகனை. வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க ஈமெயில் இல்லாமல் முடியாது என்று ஆறு மாதமாக என்னை அரித்து இந்த லைனை வாங்க வைத்தவன். நான் மாத வாடகை எவ்வளவு, ஒரு கால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் சுபாவம் அது. இப்போது எழுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுகிறேன்.

அறையில் நாலாவதாக ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனியில் எல்லோரும் அவரைப் போன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். எங்கள் போனை எடுப்பது, ஃபேக்ஸ் அனுப்புவது, வந்ததைக் கிழித்து என் மேஜையில் வைப்பது அவர் வேலை. இன்ஜினியர் பழைய லைனைப் பிடுங்கியபோது இரண்டெட்டு முன்னால் வந்துவிட்டார்.

"தம்பி, நம்பர் மாறாதுல்லா?"

"மாறாதும்மா."

"மணி இதே போன்லதான அடிக்கும்?"

"இதேதான்."

"கரண்ட் போச்சுன்னா?"

"பெட்டிக்குக் கரண்ட்தான் உசுரு. போனா இதும் போயிரும். வந்தா தானா வந்துரும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சரி" என்றார். அப்புறம் இன்ஜினியர் பெட்டியின் நெற்றியில் இருந்த சின்னக் கண்ணாடியைக் காட்டினார். கூப்பிடுகிறவரின் நம்பர் அதில் வரும் என்றார். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாரு கூப்ட்டாலுமா?"

"யாரு கூப்ட்டாலும்."

"வெளியூர்ல இருந்து?"

"பெரும்பாலும் தெரியும்மா."

"பேசலைன்னாலும் தெரியுமா?"

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "பேசாம யாரும்மா காசைக் குடுத்து போன் பண்ணுவா?"

என் மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் தெரியும், யார் என்று.

*

போன்காரம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவர் குரல் பழக்கம். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தார். ட்ரங்க் கால் பதிந்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்த காலம். என் பங்காளி ஒருவரின் மில் கணக்கை அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற ஆப்பரேட்டர்கள் "இதோ வந்துரும் சார், லைன்ல இருங்க" என்பார்கள். ராத்திரிவரை வராது. இந்தக் குரல் மட்டும், "மெட்ராஸ் லைன் இன்னைக்குக் கெடைக்காது. சும்மா உக்காந்திருக்காதீக, போய்ச் சாப்பிடுங்க. கெடைச்சா நானே கூப்பிடுதேன்" என்று சொல்லும். சொன்னபடி கூப்பிடும். கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று சொல்லவும் கூப்பிடும். அப்படி ஒரு ஆப்பரேட்டரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எக்ஸ்சேஞ்ச் தானியங்கி ஆனபின் அவர் வேலையை விட்டார். 1990-ல் எங்கள் கம்பெனியில் போனுக்கு ஆள் தேடியபோது அந்தக் குரலை ஞாபகம் வைத்து விசாரித்துப் போனேன். கறுப்பாக, ஒல்லியாக, பெரிய மூக்குக் கண்ணாடியோடு ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். உள்ளே கணவர் இருமிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு சிலுவை, அதன் கீழே மகனின் ஐ.டி.ஐ. குரூப் போட்டோ.

வந்து சேர்ந்த மாதமே என்னை மாட்டிவிட்டார். நூல் வியாபாரி ஒருவருக்கு நான் பணம் பாக்கி. அவர் போன் வந்தது. நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அம்மாள் என் கையைப் பார்த்தார், ரிசீவரில் சொன்னார்:

"இருக்காக. உங்ககிட்ட பேசத் தயங்குதாக. வெள்ளிக்கெழம பணம் தோதுப்படும்னு நெனைக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்குச் சம்பளம் குடுக்கது நானா அவனா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் அண்ணாச்சி."

"ஒரு வார்த்த இல்லைன்னு சொன்னா நாக்கு அறுந்தா போயிரும்?"

"நேர்ல வந்து கேட்டா சொல்லிருவேன். அவரு என் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கிடுவாரு. போன்ல கேக்கவனுக்கு நம்ம கொரலத் தவிர வேற கதி கெடையாதுல்லா. அதுலயும் பொய்யச் சொன்னா அவன் எதைப் பிடிச்சிக்கிட்டு நிப்பான்?"

வெள்ளிக்கிழமை நூல்காரர் நேரில் வந்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "அந்த அம்மாவ வேலைய விட்டு அனுப்பிராதீக, அவிய சொன்னதாலதான் நாலு நாள் பொறுத்தேன்" என்றார். நான் அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாக்கிக்காரர் போன் வந்தால் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அவரும், "எந்திரிச்சுப் போயிட்டாக" என்று சொல்லிவிடுவார்.

போனை எடுத்தவுடன் ஹலோ சொல்ல மாட்டார். "இருக்கேன், சொல்லுங்க" என்பார். வேலையில்லாமல் ரிசீவரைத் தூக்கவே மாட்டார். லைன் இருக்கிறதா என்று பார்க்கக்கூடத் தூக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "நாம தூக்குத அந்த நேரத்துலதான் ஒருத்தன் அங்க நம்பரச் சுத்தி முடிப்பான். அவனுக்கு எங்கேஜ்னு வரும்." நூல் சுற்றும் பெண்கள் யாராவது விளையாட்டாக ரிசீவரை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டால் அவருக்கு முகம் மாறிவிடும். "ஏட்டி, எடுத்து வச்ச போனு எப்படித் தெரியுமா? உள்ள ஆளை வச்சிக்கிட்டு வெளிய பூட்டுன வீடு. வாரவன் பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவான்ட்டி."

இன்னொன்று, மெயின் சுவிட்ச். பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் பஞ்சுத் தூசி மூக்கு வரைக்கும் இருக்கும். அவர் வந்த மறு வருஷம் பழைய வயர் ஒன்றில் பொறி கிளம்பி, மம்சாபுரத்துப் பெண் ஒருத்திக்குக் கை வெந்துபோனது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது போன்காரம்மாதான். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறரைக்குத் தறியெல்லாம் நின்று பெண்கள் போனபின், அவரே போய் மெயினை இறக்குவார். டக் என்று அந்தச் சத்தம் பின்னாலிருக்கும் என் வீடுவரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டுத்தான் விளக்கு ஏற்றுவார்கள். பூட்டு போடுவதுபோல அது எங்களுக்கு ஆகிவிட்டது.

மெயின் இறக்கினாலும் பழைய போன் வேலை செய்யும். அதற்கு வேண்டிய கரண்டு டெலிபோன் ஆபீஸிலிருந்து லைனிலேயே வந்துவிடுமே. அதனால் சனிக்கிழமைகளில் அவர் மெயினை இறக்கிவிட்டு, தெரு விளக்கு வெளிச்சத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஏழே முக்கால் பஸ்ஸுக்குத்தான் கிளம்புவார்.

ஏழு மணிக்கு மேல் வெளியூர் பேச பாதிக் கட்டணம். அவர் மகன் அப்போதுதான் கூப்பிடுவான்.

*

அந்த மகனை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். வெல்டர். நல்ல உயரம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். 1993-ல் சேத்தூரில் அவனுக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா என்னிடம் பையனைப் பற்றி விசாரிக்க கம்பெனிக்குப் போன் செய்தார். நான் மதுரை போயிருந்தேன். போனை எடுத்தது இந்த அம்மாள்.

அறையில் அப்போது என் மருமகன் இருந்தான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி இல்ல. பையனோட அம்மாதான் பேசுதேன், கேளுங்க."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

"குடிப்பான். வாரத்துக்கு ரெண்டு நாள். ஆனா கை நீட்ட மாட்டான். நல்ல வேலைக்காரன். சம்பாதிக்கதுல பாதிய எங்கிட்ட குடுத்துருவான்."

என் மருமகன் தலையில் அடித்துக்கொண்டானாம். மறுநாள் சேத்தூரிலிருந்து ஆள் வந்து, ஜாதகம் சரியில்லை என்றோ என்னவோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனது. கிறிஸ்தவ வீட்டில் ஜாதகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மகன் நேராகக் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டான். அன்றைக்கு நான் இருந்தேன்.

"பெத்தவதான நீ? ஒரு தாயாவது இப்படிச் சொல்வாளா?"

"கேட்டாரு, சொன்னேன்."

"வேற யார்ட்டயும் கேட்டிருந்தா பொய் சொல்லிருப்பான். எங்கம்மாட்டல்லா கேட்டுட்டாரு!"

"அந்தப் புள்ளைக்கு அப்பன்ல அவரு. மூஞ்சி தெரியாம கேக்காரு. நான் என்னய்யா சொல்ல?"

"நல்ல பையன்னு சொல்லு!"

"அதையும்தான் சொன்னேன்."

அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வாசலில் நின்றான். பிறகு போய்விட்டான். வீட்டுக்கும் போகவில்லை, ஊரிலும் இல்லை. வீட்டில் போன் கிடையாது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் எங்கள் கம்பெனி நம்பர்.

பதினோரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் போன் அடித்தது. "இருக்கேன், சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் பேச்சில்லை. வேறு யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். இவர் வைக்கவில்லை. செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்ட்டியாய்யா?" என்றாராம்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம். அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் பேசுவார். வீட்டு ஓடு மாற்றியது, அப்பாவின் இருமல், சர்ச்சில் யாருக்குக் கல்யாணம், கோவில் தேர் அன்றைக்கு பஸ் சுற்றிப் போனது. நான் ஒருமுறை கேட்டேன், அவன்தான் என்று எப்படித் தெரியும், எவனாவது வேலையற்றவன் விளையாடுகிறானோ என்னவோ என்று.

"அவன்தான் அண்ணாச்சி."

"ஒரு மன்னிப்புக் கேட்டிருங்களேன். அம்மா தப்புச் செஞ்சிட்டேன், வந்துருய்யான்னு ஒரு வார்த்த. வந்துருவான்ல?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "வந்துரு, வந்துருன்னு அவன் கூப்பிடுதப்பல்லாம் சொல்லுதேன். தப்புச் செஞ்சிட்டேன்னு சொல்ல வரமாட்டேங்கு. எனக்கு அப்படித் தோணலையே. போன்ல எப்படிச் சொல்ல?"

1996-ல் கணவர் இறந்தார். புதன்கிழமை அடக்கம், சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனிக்கு வந்து நிற்கிறார். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல நான் ஆபீஸ் அறைக்குப் போனபோது மணி அடித்தது.

"இருக்கேன்யா. உங்கப்பா போயிட்டாக. செவ்வாக்கெழம, மத்தியானம் மூணே காலுக்கு. செரமப்பட்டுத்தான் போனாக. தண்ணி கேட்டாக, குடுத்தேன், எறங்கல. உன் பேரச் சொன்னாகளான்னு கேட்டா, சொல்லல. எம்பேரையும் சொல்லல. நெனவு இல்ல."

நான் இரண்டு கெஜ தூரத்தில் நின்றேன். ரிசீவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு பெரிய ஆள் சட்டைக் கையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டால் வருகிற சத்தம். அது எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் நான் சந்தேகப்பட்டதில்லை.

*

இப்படிப்பட்டவர் அந்தச் சாம்பல் பெட்டியை ஏன் அவ்வளவு ஆசையாகப் பார்த்தார் என்று இப்போது புரியும். நம்பர் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் போய்விடலாம். "நேர்ல போயி என் மூஞ்சியக் காமிச்சாப் போதும் அண்ணாச்சி" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அந்த வார சனிக்கிழமை புதுச் சேலை கட்டி வந்தார். மெயினை இறக்கினார். உட்கார்ந்தார்.

போன் அடிக்கவில்லை.

அடுத்த வாரமும் இல்லை. டிசம்பர் முழுக்க இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை அவன் கூப்பிடாமல் இருந்ததே கிடையாது. அன்றும் இல்லை. பொங்கல் போனது. பகலில் போன் நன்றாக அடித்தது, ஃபேக்ஸ் வந்தது, மருமகன் இன்டர்நெட்டில் ஜெர்மனிக்காரனோடு பேசினான். எனவே யாருக்கும் சந்தேகமில்லை. போன்காரம்மா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார்.

"ஏதாவது வேலைல இருப்பான்மா" என்றேன்.

"இருப்பானா?"

"இருப்பான்."

"உங்களுக்குத் தெரியுமா, இல்ல சும்மா சொல்லுதீகளா?"

நான் தறிப் பக்கம் போய்விட்டேன்.

1999 ஜூன் 12, சனிக்கிழமை. என் மருமகன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் பஸ்களெல்லாம் நின்றுவிட்டன, ஏதோ தகராறு. போன்காரம்மா ஏழே முக்கால் பஸ்ஸை நம்பி நிற்கப் போகிறாரே என்று அவன் பூத்திலிருந்து கம்பெனிக்குக் கூப்பிட்டிருக்கிறான். எங்கேஜ். பத்து நிமிஷம் கழித்தும் எங்கேஜ். மூன்றாவது முறையும் அதே. யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தான். நானும் சத்தம் கேட்டுப் பின்னாலிருந்து போனேன்.

"ஏம்மா, போனை எடுத்து வச்சிருக்கீகளா? அம்புட்டு நேரமா யாருட்ட பேச்சு?"

"நான் எங்கய்யா எடுத்து வச்சேன்? தொடக்கூட இல்லையே. கிட்டதான் உக்காந்திருக்கேன்."

"எங்கேஜ்னே வருது."

அவர் ரிசீவரைப் பார்த்தார். ஏழு மாதத்தில் முதல்தடவையாகச் சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கினார். காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார். பகலில் மூன்று பச்சைப் புள்ளி எரியும் இடத்தில் இருட்டு.

மழையில் கரண்ட் போனால் போன் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரே கேட்டு வாங்கிய பதில் அது. ஆனால் மெயினை இறக்குவதும் கரண்ட் போவதும் ஒன்று என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. கரண்ட் போவது மின்சார ஆபீஸ்காரன் செய்வது. மெயின் இறக்குவது நாம் கதவு சாத்துவது.

அவர் ரிசீவரை என் மருமகன் கையில் கொடுத்துவிட்டுப் போய் மெயினை ஏற்றினார். பச்சைப் புள்ளிகள் வந்தன. என் மருமகன் கையிலிருந்த ரிசீவரில் உய்யென்று சத்தம் வந்தது. இறக்கினார். நின்றது. மறுபடி ஏற்றினார். வந்தது. இறக்கினார்.

"போதும்மா" என்றேன்.

"நாந்தான் எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றார். "சனிக்கெழம சனிக்கெழம என் கையாலயே எடுத்து வச்சிட்டு, பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கேன். நான் இங்க தனியாதான் இருப்பேன்னு அவனுக்குத் தெரியும். அந்த நேரத்துல எங்கேஜ்னு வந்தா அவன் என்ன நெனச்சிருப்பான்? அம்மா எடுத்து வச்சிட்டான்னுல்லா நெனச்சிருப்பான்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இனிமே மெயினை இறக்க வேண்டாம், விடுங்க" என்றேன்.

"பஞ்சு கெடக்கே."

"ஒரு நாள்தான? சனிக்கெழம மட்டும்."

"அந்தப் புள்ளையோட கைய நாந்தான் புடிச்சிட்டுப் போனேன். தோலு எங்கையில ஒட்டிக்கிட்டு வந்துச்சி. எம்புள்ளைக்காக நான் மெயினைப் போட்டு வைக்க மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை என் மருமகன் ஒரு கார் பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி வந்தான். பஞ்சுப் பக்கமே வராமல் வெளித் தாழ்வாரத்தில் செங்கல்மேல் வைத்து, வயரை ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு மட்டும் கொண்டுவந்தான். விலையைக் கேட்டு நான் முனகினேன். ஆனால் கொடுத்தேன். போன்காரம்மா அதை முகர்ந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் சம்மதித்தார். அந்தச் சனிக்கிழமை மெயினை இறக்கினார். எல்லா விளக்கும் போனது, மூன்று பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது.

அதற்கப்புறம் அவருக்குப் பதினாறு சனிக்கிழமைகள் கிடைத்தன. ஒன்றிலும் மணி அடிக்கவில்லை. ஒருநாள் தவறான நம்பர் ஒன்று வந்தது, அரிசிக் கடையா என்று. "இல்லய்யா, பேண்டேஜ் கம்பெனி. ஆனா நீங்க பேசுனது சந்தோசம்" என்று சொல்லி வைத்தார். நான் பின்வாசலில் நின்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் பதினொன்று, திங்கட்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பி நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் கம்பெனியில் முப்பத்தெட்டு பேர். எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். கல்லறையில் மண் தள்ளவேண்டிய மகன் இடத்தில் என் மருமகன் நின்றான்.

*

சனிக்கிழமைகளில் மெயினை நான் இறக்க ஆரம்பித்தேன். இறக்கிவிட்டு அவர் நாற்காலியில் உட்காருவேன். வீட்டில் கேட்டதற்கு வாரக் கூலிக் கணக்கு என்றேன். இருட்டில் என்ன கணக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

டிசம்பர் 18, ஏழு மணி ஆறு நிமிஷம். போன் அடித்தது. பெட்டியின் கண்ணாடியில் ஒரு நம்பர் வந்தது. தூத்துக்குடி எஸ்.டி.டி. கோடு.

நான் எடுத்தேன். ஹலோ சொல்ல வாய் வரவில்லை. "இருக்கேன், சொல்லுங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அந்தப் பக்கம் மூச்சு நின்றது. வைத்துவிடப் போகிறான் என்று பயந்து அவன் பெயரைச் சொன்னேன். வைக்கவில்லை.

வியாபாரத்தில் முப்பது வருஷம் போனில் பொய் சொல்லி வாழ்ந்தவன் நான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அது எனக்கு வரவில்லை.

"அம்மா போயிட்டாகப்பா. அக்டோபர் பதினொண்ணு, திங்கக்கெழம, காலைல எட்டு மணிக்கு நெஞ்சு வலி வந்துச்சு. பத்து மணிக்கு முடிஞ்சிருச்சு. ரெண்டு மணி நேரம் செரமப்பட்டாக. நெனவு இருந்துச்சு."

அந்தப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. நான் அவசர அவசரமாகத் தொடர்ந்தேன். போனை அம்மா எடுத்து வைக்கலைப்பா என்றேன். புது டிஜிட்டல் பெட்டி வைத்தது, அதற்குக் கரண்ட் வேண்டியிருப்பது, மெயின் இறக்கினால் எங்கேஜ் என்று வருவது, அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, செத்துப்போன போனைத் தூக்கிப் பார்க்காமல் இருந்ததே நீ கூப்பிட்டால் எங்கேஜ் வந்துவிடக் கூடாதே என்றுதான் என்பது, பேட்டரி, பதினாறு வாரம், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டாம் முறையும் சொன்னேன். அவன் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு எதிர்ப்பக்கம் வேறு ஒரு ஆள் "யோவ்" என்றார். லைன் போய்விட்டது.

கண்ணாடியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன். பூத்துக்காரர் எடுத்தார்.

"இப்ப உங்க பூத்துல இருந்து பேசுனவர்ட்ட குடுங்க" என்றேன்.

"அந்த ஆளா? அவன் எப்பவோ போயிட்டானே சார்."

"இப்பதான பேசிட்டிருந்தேன்."

"நீங்க யார்ட்ட பேசுனீகளோ. வந்தான், நம்பர் போட்டான், ஒரு நிமிசம் கேட்டுட்டு நின்னான். ரிசீவரப் பலகைமேல வச்சிட்டு வெளிய போயிட்டான். நான் எதுத்தாப்புல டீக்குடிச்சிட்டு நின்னேன், திரும்பி வருவான்னு நெனச்சேன். வந்து பாத்தா மீட்டரு ஓடிக்கிட்டே கெடக்கு. ரிசீவர்ல ஏதோ பேச்சுக் கேக்கு. நாந்தான் எடுத்து போன்மேல வச்சேன்."

அப்படியானால் அம்மா போனதை மட்டும்தான் அவன் கேட்டிருக்கிறான். மெயினை முதலில் சொல்லிவிட்டு, சாவை அப்புறம் சொல்லியிருக்கலாமோ என்று இருபது வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன்.

"மறுபடி வந்தான்னா ஒண்ணு சொல்லணும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். "அவங்க அம்மா போனை எடுத்து வைக்கல. மெயின் எறக்கிருந்துச்சி, அதான். அதை மட்டும் சொல்லுங்க."

"மெயினா? எந்த மெயினு?"

"கரண்ட் மெயின்."

"எனக்குப் புரியல சார். அவன் காசு குடுக்காமப் போயிட்டான். அதுக்கு யாரு பொறுப்பு?"

"நான் அனுப்புதேன். விலாசம் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை தபால் ஆபீஸுக்குப் போய் அவருக்கு மணியார்டர் எழுதினேன். படிவத்தின் அடியில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். அதில் எழுதினேன்: அம்மா போனை எடுத்து வைக்கவில்லை. அந்த இடத்தில் அதற்குமேல் இடமில்லை. கவுன்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார், முத்திரை குத்தினார்.

பூத் பில் இருபத்தேழு ரூபாய். மணியார்டர் கமிஷன் இரண்டு. ஆக மொத்தம் இருபத்தொன்பது ரூபாய்.